மூன்றாம் மாடி செக்போஸ்ட்

"குடிச்சிருக்கேன்னு சொல்றேன்ல!"

"இல்ல. நீங்க குடிக்கல."

"நான் குடிச்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதாடி?"

"எனக்குத் தெரியும். மோந்து பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. மானம் போகுது, கத்தாம உள்ள வாங்க!"

எதிர் வீட்டுச் சண்டைகளில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனாலும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. குடிகாரன் வீட்டுச் சண்டை எங்கேயும் ஒரே அச்சுதான். அவன் குடிக்கவே இல்லை என்று சாதிப்பான், அவள் குடித்தாய் என்று கத்துவாள். இங்கே யாரோ வசனத் தாளை மாற்றிக் கொடுத்துவிட்டதுபோல, புருஷன் குடித்தேன் என்கிறார், பெண்டாட்டி இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். கதவிலிருந்த கண்ணாடித் துளை போதவில்லை. கதவையே திறந்துகொண்டு நின்றேன். நான் மட்டுமா? மேல் மாடிக் கைப்பிடியில் தலைகள், கீழ்ப் படியில் தலைகள். ஊரடங்கு போட்டு எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த காலம். வாசலில் ஒரு சண்டை வந்தால், அது எங்களுக்கு வெளியூர் போய் வந்த மாதிரி.

சண்டை புரிய வேண்டுமானால் அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைக்கிறவள். ஒரு காலத்தில் அவர் குடித்த குடி எங்கள் கட்டடத்துக்கே பாடம். ஒருமுறை எங்கள் லிஃப்டிலேயே காலை வெளியே நீட்டிப் படுத்துவிட்டார். கதவு வந்து வந்து காலில் இடித்துத் திரும்பிப் போகிறது. மதியம் முழுக்க அதுவும் எழுப்பிப் பார்த்துச் சலித்துப் போனது. அப்புறம் யாரோ ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். குடியை விட்டவர்கள், விட நினைக்கிறவர்கள் கூடுகிற கூட்டம். பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், பெரிய பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வார்களாம். அங்கே கண்டக்டர் ஒருவர். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், குடியிலிருந்தும் ஓய்வு பெற்றவர். அவர்தான் இவருக்குத் துணை. தோன்றினால் முதல் கிளாஸுக்கு முன்னால் எனக்குப் போன் போடு, கிளாஸுக்குப் பின்னால் போடாதே என்பது அவர் கட்டளை.

இவர் விட்டுவிட்டார். வருஷங்கள் ஓடின. ஆனால் அவள் விடவில்லை. சாயங்காலம் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் குனிந்து அவள் முகத்தில் ஊத வேண்டும். அவள் கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். தலையாட்டினால்தான் செருப்பைக் கழற்றலாம். அதனால் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் செக்போஸ்ட்.

"மிட்டாய் போட்டுக்கிட்டு வந்தாலும் பிடிச்சிடுவேன்க்கா. இருமல் மருந்து எது, அது எதுன்னு தனித்தனியா தெரியும் எனக்கு" என்பாள். மெடல் வாங்கினவள் மாதிரி ஒரு பெருமை.

உங்களுக்குக் கோபம் வராதா என்று அவரிடமே கேட்டேன் ஒருநாள். "அவ தூங்கணும்ல அக்கா" என்றார். அவ்வளவுதான்.

நோய் வந்து ஊர் மூடியபோது எல்லாரும் அவரைத்தான் முதலில் நினைத்தோம். கூட்டம் கிடையாது, ஆள் கிடையாது, இனி பாட்டில்தான் என்று கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரி என்னிடம் அடித்துச் சொன்னாள். நடந்தது நேர்மாறு. கலங்கிப் போனது நாங்கள். அவர் பாட்டுக்குக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக லிஃப்ட் பார்க்கப் போய் வந்தார். திரும்பி வந்து மொட்டை மாடியில் போனில் கண்டக்டரோடு பேசுவார். நானும் துணி காயப் போடப் போவேன். என் வீட்டில் அப்போது துவைக்கிற துணி கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது.

எங்கள் செகரட்டரி இருக்கிறாரே, வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இப்போது கட்டடத்தை நிர்வாகம் பண்ணுகிறவர், அவர் எந்நேரமும் கையில் போனும் கண்ணில் பயமுமாக, எங்கே எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார். லிஃப்ட்காரர் ஒருநாள் அவரிடம், "சார், போனை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. பசியா, கோபமா, தனியா இருக்கோமா, அசதியா? நாலுல எதுன்னு பார்த்து அதைக் கவனிங்க. எனக்குப் பாட்டிலுக்குச் சொல்லிக்கொடுத்தது. போனுக்கும் ஆகும்" என்றார். செகரட்டரி முறைத்தார். மறுநாள் பார்த்தால் போனை உள்ளே வைத்துவிட்டுப் பால்கனியில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்.

மருந்துக்கடைக்காரி கடையை மூடிவிடுகிறேன் என்று அழுதபோதும் அவர்தான் பேசினார். "இன்னிக்கு ஒரு நாள் திறங்க. நாளைக்கு மூடணும்னா நாளைக்கு மூடிக்கலாம். அதை இன்னிக்கே ஏன் மூடுறீங்க?" அவள் தினமும் நாளைக்கு மூடிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே கடையைத் திறந்தாள். ஒரு சொட்டு குடித்தறியாத கட்டடம், குடிகாரர்களின் வைத்தியத்தில் பிழைத்துக் கிடந்தது.

அந்த வைத்தியம் பலிக்காத ஒரே ஆள் தையல்காரி.

அவளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. உள் அறையில் கொஞ்ச நாள் கிடந்தாள், எழுந்துவிட்டாள். நன்றாக இருக்கிறேன் என்று எல்லாருக்கும் சொன்னாள். ஒரு மதியம் அடிபிடித்த பால் வாடை என் வீட்டு ஹால் வரை வந்தது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். அடுப்பில் பாத்திரம் கருகிப் புகைகிறது. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மிஷினில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்துக்கொண்டிருக்கிறாள் இவள்.

"ஏண்டி, மூக்கு என்ன ஆச்சு?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது யாரும் யாரையும் தொடுவதில்லை, அதையும் மறந்துவிட்டாள்.

"போயிடுச்சுக்கா. காய்ச்சலோட போச்சு. சோப்பு தெரியல, பினாயில் தெரியல, ஒண்ணும் தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா…"

"தெரிஞ்சா என்ன?"

"வாசல்ல ஆள் இல்லன்னு தெரிஞ்சிடும்ல?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரியிடம் மட்டும் சொன்னேன், அது வைத்தியக் கணக்கில் வரும். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கதவுத் துளை வழியாகப் பார்ப்பேன். அவர் ஊதுவார். அவள் கண்ணை மூடுவாள், மூக்கை விடைப்பாள், தலையாட்டுவாள். நாடகக்காரிகள் தோற்றார்கள். வாசலிலிருந்து உள்ளே போகும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள்.

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு" என்று கத்தினார் அவர். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. "உள்ள ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆளு, கூட ஒரு வார்டுப் பையன். நான் மேல லிஃப்ட் மோட்டார் இருக்கிற ரூமுக்கு ஓடி, பிரேக்கைக் கையால விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். கதவைத் திறந்தா ஆளு போயாச்சு. கண்டக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறுபடி போட்டேன், எடுக்கல. குடிச்சேன். போதுமா? வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே வந்தேன், அவ பிடிச்சிடுவா, வாசல்லயே பிடிச்சிடுவான்னு. நீ என்னடான்னா 'சரி, கை கழுவுங்க'ங்கிற!"

"பயத்துல உளர்றீங்க. உங்க மேல வாடையே இல்ல."

அவர் பேச்சை நிறுத்தினார். அவளையே பார்த்தார். பிறகு, "கண்ணை மூடு" என்றார், மெதுவாக.

"எதுக்கு?"

"மூடுடி."

மூடினாள். அவர் பையிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்தார். லிஃப்ட் மோட்டாரைத் துடைத்துத் துடைத்துக் கறுத்த துணி. என் வாசல் வரைக்கும் அந்த வாடை அடித்தது. அவள் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

மேல் மாடித் தலைகள் இன்னும் கொஞ்சம் கீழே தொங்கின. அவள் மூக்கை விடைத்துப் பார்த்தாள். யோசித்தாள். அந்த நாளில் எல்லார் கையிலும் எது இருக்குமோ அதைச் சொன்னாள்.

"சானிடைசர்."

கண்ணைத் திறந்தாள். துணியைப் பார்த்தாள்.

கீழேயிருந்து செகரட்டரி குரல் வந்தது. "மாஸ்க்! மாஸ்க் போட்டுட்டுச் சண்டை போடுங்கப்பா!"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து ஒரு தலையணையை வெளியே வைத்தாள், மறுபடி சாத்தினாள். எல்லா மதுக்கடையும் மூடியிருந்த ஊரில் அந்தச் சரக்கு மட்டும் எங்கே கிடைத்தது என்று செகரட்டரி பிற்பாடு ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

மறுநாள் கண்டக்டரே போன் பண்ணினார். அவரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார், முந்தின நாள் போனை எடுக்காததற்குக் காரணம் அதுதான். லிஃப்ட்காரர் பெண்டாட்டியையும் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பால்கனியில் வைத்தார். என் பால்கனிக்கும் அவர்கள் பால்கனிக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்புதான்.

"விழுந்தவன் எழுந்துக்கலாம், அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்றது மூச்சு வாங்கும் குரல். "நான் உங்ககிட்டப் பேசணும்மா. நீங்க வாசல்ல நிக்கிறதை விடணும்."

"நான் நின்னதாலதான் இத்தனை வருஷம் இருந்தாரு."

"இல்லம்மா. நானும் முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சேன். வண்டியை ஓட்டினது நான் இல்ல."

"வண்டி எங்க போய் முட்டுமோன்னு உங்களுக்குக் கவலை இருந்ததில்லையா?"

அந்தப் பக்கம் நீளமாக ஓர் இருமல். "நிறைய இருந்துச்சும்மா. ஸ்டியரிங்தான் இல்ல."

"அப்ப நான் இத்தனை வருஷமா பண்ணினதுக்கு அர்த்தமே இல்லையா?"

அவர் பதில் சொல்வதற்குள் நர்ஸ் யாரோ போனை வாங்கிவிட்டாள். தையல்காரி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லிஃப்ட்காரர் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினார். அவர்கள் கூட்டத்தில் அப்படித்தானாம், ஒரு வாய் குடித்தாலும் பழைய வருஷமெல்லாம் கழிந்து புதுக் கணக்கு. சாயங்காலம் வாசலுக்கு வந்து, "இன்னிக்கு இல்ல" என்று மட்டும் சொல்வார். அவர் வாய் வார்த்தையை அவள் நம்ப வேண்டும். அதுதான் அவளுக்கு வரவில்லை. அவர் கண்ணைப் பார்ப்பாள், நடையைப் பார்ப்பாள். அவர் கழற்றிப் போட்ட சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதனால் பயனில்லை என்பது நினைவு வந்து கீழே போடுவாள்.

கடைசியில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. அவர் லிஃப்ட்டை விட்டு வரும்போது நீங்க எதேச்சையா வர்ற மாதிரி வந்து கொஞ்சம்… மோந்து பார்த்துச் சொல்லுங்களேன்."

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று ஊரே என்னைச் சொல்லும். அதிகாரபூர்வமாக அழைப்பு வந்தது அதுதான் முதல் தடவை. மாட்டேன் என்பேனா? தினமும் சாயங்காலம் குப்பை வாளியோடு லிஃப்ட் வாசலில் நிற்பேன். அவர் வெளியே வருவார், நான் ஒரு மூச்சு இழுப்பேன், பிறகு அவள் பக்கம் பார்த்துத் தலையசைப்பேன்.

அவர் முட்டாள் இல்லை. ஒரு வாரம் போயிருக்காது, என் முன்னால் நின்று முகக்கவசத்தைக் கழற்றினார்.

"கிட்ட வாங்கக்கா. மாஸ்க் மேல மோந்தா எப்படித் தெரியும்?"

மரியாதையாகத்தான் சொன்னார். கொஞ்சம் குனிந்து, பெரிய டாக்டரிடம் காட்டுகிற மாதிரி ஊதினார். எனக்கு வாளியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கதவருகே நின்றவளிடம், "இப்ப இவங்களையும் போட்டுட்டியா? நான் எத்தனை பேருக்கு ஊதணும்னு சொல்லு, ஊதுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாளும் நான் போனேன். அவரும் நின்று ஊதினார்.

பிறகு கண்டக்டர் இறந்துபோனார்.

செய்தி காலையிலேயே வந்துவிட்டது. லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே விடமாட்டார்கள், உடலையும் தரமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனார். அன்றைக்கு அவள் மிஷினைத் தொடவே இல்லை. சாயங்காலமானது. எப்போதும் வருகிற நேரம் தாண்டியது. அவள் அவர்கள் வாசலில், நான் என் வாசலில். லிஃப்ட் கீழேயும் மேலேயும் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் எங்கள் மாடியைத் தாண்டிப் போய்விட்டது.

கடைசியில் நின்றது. கதவு திறந்தது. அவர் கண் சிவந்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து போகிறவர்கள் மேல் எல்லாம் மருந்து பீய்ச்சியிருந்தார்கள். தலை, கை, சட்டை எல்லாம் ஒரே ஸ்பிரிட் நெடி.

அவராகவே என் முன்னால் வந்து நின்றார். முகக்கவசத்தை இறக்கி ஊதினார்.

மோந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன். உள்ளேயிருந்து வருகிறதா, மேலேயிருந்து வருகிறதா? அன்றைக்கு உலகமே அந்த வாடைதான் அடித்தது, என் கையும்தான்.

"அக்கா?" என்றாள் அவள்.

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் சோறு தின்றிருப்பாள். ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

"இன்னிக்கு இல்ல" என்றார் அவர், அவளைப் பார்த்து. "சத்தியமா இன்னிக்கு இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் படியில் உட்கார்ந்தாள். நானும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன்.

"தெரியலன்னா நான் எப்படிக்கா இருக்கிறது?"

"அவர்தான் இல்லங்கிறாரே."

"அன்னிக்கும் நான் இல்லன்னுதான் சொன்னேன். அவர் நம்பலையே."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லைன்னு இப்பத்தான் தோணுது. வாசல்ல கண்ணை மூடிக்கிட்டே நின்னுட்டேன்" என்றாள். "இப்ப பார்க்கச் சொல்றாங்க. பயமா இருக்கு."

வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அவளுடைய தம்பி வந்து கூட்டிப்போனான். வேறு ஊர். அவர் மிஷினைக் கழற்றி, மெத்தையில் சுற்றி, வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு அடித்த காலத்தில் போகாதவள் குடிக்காத புருஷனை விட்டுப் போகிறாளே என்று மாடி மாடியாகப் பேசினோம். "அவன் குடிக்கிறான்னு இவளுக்குத் தெரிஞ்சிருந்தா இங்கயேதான் இருந்திருப்பா" என்றாள் மருந்துக்கடைக்காரி. அவள் சொன்னதில் எனக்கு உடன்பாடான விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

அவர் தனியாக இருந்தார். மொட்டை மாடியில் இப்போது போன் அவருக்கு வந்தது. யாரோ ஒருவன் அழுவான். "கிளாஸை எடுக்கிறதுக்கு முன்னாடி கூப்பிட்ட பாரு, அது போதும் இன்னிக்கு" என்பார். சாயங்காலம் வந்தால் பூட்டைத் திறப்பதற்கு முன் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். அதைப் பார்த்த நாட்களில் நானே துளையைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தம்பி வீட்டில் அவளும் போனில் ஒரு கூட்டத்தில் சேர்ந்தாள் என்று கேள்வி. குடிகாரர்களின் பெண்டாட்டிமார் பேசும் கூட்டம். போய்ச் சேர்ந்த புதிதில், என் வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எல்லாரையும் கேட்டாளாம். ஒருத்தரும் பதில் சொல்லவில்லையாம். அப்புறம் ஒருநாள் யாரோ அவளிடம், நீ இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லையாம். போனிலேயே அழுதிருக்கிறாள்.

வெகுகாலம் கழித்து ஒருமுறை வந்தாள், மிச்சச் சாமான்களைக் கட்ட. அவருக்குத் தம்பி இருக்கிற ஊரிலேயே லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, இனி அங்கே இரண்டு பேரும் சேர்ந்து இருப்பதாக ஏற்பாடு. இரண்டு பேருமாகப் பெட்டிகளைக் கட்டினார்கள். அவர் சாமானோடு கீழே போன நேரம் பார்த்து நான் போனேன்.

"மூக்கு வந்துடுச்சா?"

"கொஞ்சம் கொஞ்சம்."

"அப்ப அவர்…"

"நான் கேட்கிறதில்லக்கா. அவரா சொன்னா கேட்டுக்குவேன்."

"மனசு கேட்குதா?"

"கேட்கல" என்றாள். "சில நாள் கேட்கவே மாட்டேங்குது. அன்னிக்கெல்லாம் மிஷின்ல உட்கார்ந்துடுவேன், வாசலுக்குப் போகாம. தையல் கோணலா போகும். பிரிச்சுத் தைப்பேன்."

கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். அவள் போனாள்.

செகரட்டரிக்கு மனைவி போய் ரொம்ப காலம் ஆகிறது. இவர்கள் காலி பண்ணிப் போன அடுத்த வருஷமே அவர், தன்னைப் போலவே துணையை இழந்திருந்த மருந்துக்கடைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பேசவில்லை, நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். தையல்காரியின் தம்பி புதுசாக ஒரு வீடு கட்டி, மாடியை அக்காவுக்கும் அத்தானுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறானாம். அந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. எதிர் வீட்டில் இப்போது இளம் தம்பதி ஒன்று குடிவந்திருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், ஒரு சண்டைச் சத்தம் இல்லை.